பிழையே இல்லாத எழுத்து மண்டபம்

காகிதம் என்ற பொருள் நம் பக்கத்துக்கு வந்து சேராத முன்னொரு காலத்தில், ஆற்றுக்கு இக்கரையில் ஒரு ராஜ்யம் இருந்தது. அதன் பெயர் நமக்கு வேண்டாம். பெயரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது ஒருவர் அது எங்கள் ஊர்தான் என்று சண்டைக்கு வருவார். அந்த நாட்டு மன்னரிடம் கெட்ட பழக்கம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒன்று மட்டும் உண்டு. புதிதாக ஒரு பொருளைப் பார்த்துவிட்டால், அடுத்த பௌர்ணமிக்குள் அது அரண்மனை முழுக்கப் பரவியாக வேண்டும். முந்தின வருஷம் பல்லக்குத் தூக்கிகள் எல்லாரும் மரச்செருப்புப் போட்டு நடக்க வேண்டும் என்றார். மூன்று பேர் வழுக்கி விழுந்து, பல்லக்கு விழுந்து, பல்லக்குக்குள் இருந்த மன்னரும் விழுந்த பிறகுதான் அது நின்றது.

இந்த வருஷத்து வினை காகிதம். வடக்கே இருந்த அயல்நாட்டு மன்னர் நட்பு வேண்டி ஒரு தூதரை அனுப்பியிருந்தார். அவர் கொண்டுவந்த கடிதம் ஓலையில் இல்லை. வெள்ளையாக, மெல்லிசாக, நான்காக மடித்த ஒரு தாளில் இருந்தது. கூடவே வெறும் தாள் பத்துக் கட்டு, நாணலில் செய்த எழுதுகோல்கள் ஒரு பெட்டி, மைக்குடுவைகள் எல்லாம் அன்பளிப்பாக வந்தன. மன்னர் தாளை முகர்ந்தார். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"இனி நம் எழுத்து மண்டபத்தில் ஓலை கிடையாது. தூதர் பத்து நாளில் ஊர் திரும்புகிறார். அவர் கையில் போகிற பதில் காகிதத்தில், நம் எழுத்தர்கள் கையால் எழுதியதாக இருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு மன்னர் சாப்பிட எழுந்தார்.

மன்னருக்கு வேலை அதோடு முடிந்தது. திருமேனிநாதருக்கு அங்கேதான் தொடங்கியது.

திருமேனிநாதர் எழுத்து மண்டபத்தின் தலைவர். ஓலைநாயகம் என்பது அவர் பதவிக்குப் பெயர். அந்தப் பதவி ஏழு தலைமுறையாக அவர் வீட்டை விட்டு வெளியே போனதில்லை. வயது அறுபத்திரண்டு. அவர் முதுகு வளைந்து யாரும் பார்த்ததில்லை. கோயிலில் கும்பிடும்போதுகூடக் கைதான் உயரும், முதுகு அப்படியே நிற்கும். அவருக்குக் கீழே இருபத்தோரு எழுத்தர்கள். மன்னரின் ஆணை, தானப் பத்திரம், அயல்நாட்டுக் கடிதம் எதுவானாலும் இந்த இருபத்திரண்டு கைகளில் ஒன்று எழுதியதாகத்தான் இருக்கும்.

அவர்கள் எழுதும் முறையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. ஓலையில் எழுத்தாணியால் கீறும்போது எழுத்து கண்ணுக்குத் தெரியாது. வெறும் கீறல்தான். எழுதி முடித்த பிறகு கரியையும் இலைச்சாற்றையும் குழைத்துப் பூசித் துடைத்தால்தான் எழுத்துகள் கறுப்பாக எழும்பி வரும். நல்லதும் பொல்லாததும் அப்போதுதான் தெரியும். அந்த மண்டபத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மை பூசுகிற வேலை உள்ளறையில், கதவைச் சாத்திக்கொண்டு, எழுதியவர் தனியாகச் செய்வது. நன்றாக வந்த ஓலை வெளியே வரும். பிழை விழுந்த ஓலை ஒடிக்கப்பட்டு, உள்ளறையின் பின்பக்கம் இருந்த வெந்நீர் அடுப்புக்குள் போகும். யார் எத்தனை ஓலை ஒடித்தார் என்று யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை. அந்த அரண்மனையில் குளிக்க வெந்நீருக்கு ஒருநாளும் குறைவிருந்ததில்லை.

ஆகவே அந்த மண்டபத்து எழுத்தர் ஒருவர் பிழை செய்து நூறு வருஷமாக வெளியார் ஒருவரும் பார்த்ததில்லை. "எங்கள் எழுத்து மண்டபத்தில் பிழை கிடையாது" என்பார் திருமேனிநாதர். அவர் அப்பாவும் அதையே சொன்னார். அப்பாவின் அப்பாவும் சொன்னார்.

புதுத் தாள்களும் சாய்வு மேசைகளும் மண்டபத்துக்கு வந்து இறங்கிய அன்றே பேச்சு தொடங்கிவிட்டது.

"இதை எறும்பு தின்னா என்னண்ணே பண்றது?" என்றான் சடையன். நாற்பது வயதான எழுத்தன், மண்டபத்திலேயே வாய்த்துடுக்கு அதிகமுள்ளவன்.

"எறும்பை விடு. மழையில நனைஞ்சா கூழாப் போயிடுமாம்" என்றார் அவன் பக்கத்தில் இருந்தவர்.

"எனக்கு மை நாத்தம் ஆகாது. தலை சுத்தும்."

"ஓலைன்னா கையில பிடிச்சிக்கிட்டு எழுதலாம். இதைக் கீழே வச்சு, நாம குனிஞ்சு எழுதணுமாமே."

"குனியறதா? நாயகம் ஐயா குனிய மாட்டாங்களே."

திருமேனிநாதர் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பேச்சு நின்றது. ஆனால் தாளை யாரும் தொடவில்லை. அவரும் தொடவில்லை. மறுநாள் பார்த்தால், காற்றில் ஓலைகள் பறக்காமல் இருக்க அவற்றின் மேல் காகிதக் கட்டைப் பாரமாக வைத்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

மன்னர் விஷயம் கேள்விப்பட்டுப் பிரதானி கனகசபையாரை அனுப்பினார். பிரதானி என்றால் மன்னருக்கு அடுத்த பெரிய பதவி. அதைவிடப் பெரியது அவர் குரல். எழுத்தர்கள் எல்லாருக்கும் சந்தனம் கொடுத்து, பன்னீர் தெளித்து, வரிசையாக உட்காரவைத்து, காகிதத்தின் மேன்மைகளைப் பற்றி அவர் பேசினார். காலையில் ஆரம்பித்தவர் சாப்பாட்டு நேரம் தாண்டியும் முடிக்கவில்லை. காகிதம் இலகுவானது, காகிதம் தூய்மையானது, காகிதம் நாளைய பொருள், ஓலை நேற்றைய பொருள், மாற்றத்தை வரவேற்பவன் அறிவாளி, மறுப்பவன் மூடன் என்றெல்லாம் சொன்னார். கடைசியில், "யாருக்காவது ஐயம் உண்டா?" என்றார்.  இல்லை என்று எல்லாரும் நன்றாகத் தலையாட்டினார்கள். அவர் போனதும் எழுத்தாணியை எடுத்துக்கொண்டு ஓலை எழுத உட்கார்ந்தார்கள்.

இப்படி ஐந்து நாள் போயிற்று. தூதர் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார். ஆறாம் நாள் சபை கூடியதும் மன்னர் ஓலைநாயகத்தை வரவழைத்தார்.

"திருமேனிநாதரே, ஒரு தாள், ஒரே ஒரு தாள் எழுதுவதற்கு இத்தனை பாடா?"

"மகாராஜா, எங்கள் கைக்கு அது ஒவ்வவில்லை."

"எழுதிப் பார்த்தீர்களா?"

"இல்லை, மகாராஜா."

"எழுதாமலே ஒவ்வவில்லை என்று எப்படித் தெரியும்?"

 திருமேனிநாதர் நிமிர்ந்து நின்றார். பதில் இல்லாதபோது அவர் வழக்கமாகச் செய்வது அதுதான்.

பிரதானி இந்த நேரத்துக்காகத்தான் காத்திருந்தார். அவருக்கு ஒரு மைத்துனன் இருந்தான். வடக்கே எங்கோ இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்து, காகிதத்தில் எனக்குத் தெரியாதது இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். ஓலைநாயகம் பதவி காலியானால் அவன் தயார், அதற்குத் திருமேனிநாதர்தான் முள். பிரதானிக்கு இன்னொரு முள்ளும் உறுத்திக்கொண்டிருந்தது. அது சபை விகடன் மருதையன். மன்னர் மருதையன் சொல்லுக்குச் சிரிக்கிற சிரிப்பில் பாதிகூடப் பிரதானி சொல்லுக்குத் தலையாட்டியதில்லை. இரண்டு முள்ளையும் ஒரே ஊசியால் எடுத்துவிடப் பார்த்தார்.

"மகாராஜா, இவர்களுக்குக் கை ஒவ்வாமை அல்ல, அச்சம். புதியதைக் கண்டு நடுங்குகிறார்கள். அச்சத்தைப் போக்குவது நம் மருதையனுக்குக் கைவந்த கலை அல்லவா? எழுத்து மண்டபத்து அச்சத்தைக் கண்டுபிடித்து அவன் வெளியேற்றட்டும். ஆனால் ஆணையிடக் கூடாது, மிரட்டக் கூடாது, பரிசு காட்டக் கூடாது. தூதர் புறப்படும் நாளுக்குள் முடியாவிட்டால் மருதையன் இந்த நாட்டை விட்டுப் போக வேண்டும். ஓலைநாயகமும் தம் மண்டபச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்."

திருமேனிநாதர் இடுப்பில் ஏழு தலைமுறைச் சாவி கனத்தது. மன்னர் எரிச்சலில் இருந்தார். யோசிக்காமல், "அப்படியே ஆகட்டும். அச்சமுள்ளவன் காகிதத்தைத் தொட வேண்டாம். அச்சமில்லாதவன் எழுதட்டும். இது என் ஆணை" என்றார்.

தூணோரம் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்த மருதையன் எழுந்து வந்தான். ஒல்லியான மனிதன். எப்போதும் இப்போதுதான் தூங்கி எழுந்தவன் போல இருப்பான்.

"ஆணையைத் தலைமேல் ஏற்கிறேன், மகாராஜா. எனக்கு ஒரு சந்தேகம். இந்தக் காகிதத்தைக் கண்டு அஞ்சாதவர் இந்தச் சபையில் யாராவது உண்டா? அச்சமில்லாத முகம் எப்படி இருக்கும் என்று பார்த்து வைத்துக்கொண்டால், மண்டபத்தில் தேட வசதியாக இருக்கும்."

"இதில் அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது? எனக்குத் துளி அச்சமும் இல்லை" என்றார் பிரதானி.

பிரதானி சொன்ன பிறகு மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? தளவாய் மீசையை நீவிக்கொண்டு, "யானைக்கே அஞ்சாதவன் நான்" என்றார். பண்டகசாலை அதிகாரி எழுந்தார், கோயில் அதிகாரி எழுந்தார். பத்துப் பேர் எழுந்து தங்கள் அச்சமின்மையை அறிவித்தார்கள். மன்னரும் சிரித்து, "எனக்கு மட்டும் என்ன அச்சம்?" என்றார்.

"ஓலைநாயகம் ஐயா, இவர்கள் பெயரையெல்லாம் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். ஓலையிலேயே எழுதலாம், தப்பில்லை" என்றான் மருதையன்.

தன்னையும் தன் வீட்டையும் தெருவில் நிறுத்தப் போகிற கோமாளி, கூலிக்காரனிடம் சொல்வது போல வேலை சொல்கிறான். திருமேனிநாதர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். பதினோரு பெயர்.

அதற்கடுத்த நாட்களில் மருதையன் செய்த காரியத்தைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வரும். காலையில் மண்டபத்துக்கு வருவான். காகிதக் கட்டு இரண்டைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுப்பான். விழித்திருக்கும் நேரத்தில் பொரி தின்பான். தின்றுகொண்டே ஒவ்வொருவரிடமும் போய், "உனக்கு இதில் என்னப்பா பயம்?" என்று கேட்பான். அவர்கள் எறும்பு என்பார்கள், மழை என்பார்கள். "அப்படியா, அப்படியா" என்று அவ்வளவையும் கேட்டுக்கொள்வான். ஒருவருக்கும் மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை.

எட்டாம் நாள் திருமேனிநாதர் பொறுக்க முடியாமல் அவன் எதிரில் போய் நின்றார்.

"மருதையா, நீ நாட்டை விட்டுப் போனால் இன்னொரு ராஜ்யத்தில் பொரி கிடைக்கும். நான் என் வீட்டு வாசலில் எந்த முகத்தோடு நிற்பேன் என்று யோசித்தாயா?"

"யோசிச்சேன் ஐயா. உங்களைத்தான் இன்னும் கேக்கல. உங்களுக்கு என்ன பயம்?"

"பயமா? எங்கள் குடும்பத்துக்கா?"

"சரி, பயம் வேண்டாம். வேற ஒண்ணு கேக்கறேன். ஒரு கடிதம் எழுத எத்தனை ஓலை ஆகும்?"

திருமேனிநாதருக்குக் கழுத்துவரை சூடு ஏறியது. "அது மண்டபத்து விஷயம். வெளியார் கேட்கக் கூடாது."

"கேக்கல ஐயா" என்றான் மருதையன். அவன் பார்வை உள்ளறைக் கதவுக்குப் போய், அங்கிருந்து பின்பக்கத்துக் கூரை மேல் எழும்பிக்கொண்டிருந்த புகைக்குப் போயிற்று. "வெந்நீர் இங்க நல்லாக் காயுது" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி படுத்துவிட்டான்.

அன்று திருமேனிநாதருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நல்ல கடிதத்துக்கு மூன்று ஓலை, சில நாள் ஐந்து ஓலை ஒடிகிற மண்டபம் இது என்று தெரிந்துவிட்டது. ஓலையில் பிழை மறைந்திருக்கும், தாளில் மறையாது. கோல் பட்ட இடத்தில் அந்தக் கணமே கறுப்பாக நிற்கும். இருபத்தோரு பேர் பார்க்க, ஏழு தலைமுறைப் பெயரின் மேல் ஒரு கறை விழும். எறும்பும் மழையும் யாருக்கு வேண்டும்? அவர் அஞ்சியது அந்த ஒன்றுக்குத்தான். அதைச் சபையில் அந்த விகடன் நாலு பேர் சிரிக்கச் சொல்லப் போகிறான். சாவி போவதைவிட அது பெரிய அவமானம்.

பத்தாம் நாள் விடிந்தது. தூதர் மத்தியானம் புறப்பட வேண்டும். மருதையன் சாய்வு மேசைகளைச் சபா மண்டபத்துக்கே கொண்டுவரச் சொன்னான். மேசைகளின் முன்னால் பதினோரு மணை போடச் செய்தான். ஓலைநாயகத்தோடு சேர்த்து எழுத்தர்கள் இருபத்திரண்டு பேரையும் மேசைகளுக்கு எதிரே, பந்தியில் விருந்தாளிகள் உட்காருவது போல உட்காரவைத்தான். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கிண்ணம் பொரி.

"இவர்கள் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்? மேசைக்கு வரச் சொல்" என்றார் பிரதானி.

"எப்படி ஐயா சொல்வேன்? அச்சமுள்ளவன் காகிதத்தைத் தொட வேண்டாம், அச்சமில்லாதவன் எழுதட்டும் என்பது மகாராஜா ஆணை. இவர்கள் அச்சமுள்ளவர்கள் என்று சபையில் சொன்னது தாங்கள். அச்சமில்லாதவர்கள் பட்டியல் ஓலைநாயகம் ஐயா கையில் இருக்கிறது. படியுங்கள் ஐயா."

திருமேனிநாதர் ஓலையைப் பிரித்தார். "பிரதானி கனகசபையார்" என்று முதல் பெயரைப் படித்தார். படித்துவிட்டு ஏனோ தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இது என்ன விளையாட்டு?" என்றார் பிரதானி.

"விளையாட்டா? மகாராஜாவின் ஆணை ஐயா. தங்களுக்கு அச்சம் இருந்தால் சொல்லிவிடுங்கள், ஒரு கிண்ணம் பொரி தருகிறேன், அந்தப் பக்கம் போய் உட்காரலாம். ஆனால் அன்றைக்குச் சபையில் மகாராஜாவிடம் பொய் சொன்னதாக ஆகிவிடும். அதைத்தான் யோசிக்கிறேன்."

மன்னருக்குக் குஷி வந்துவிட்டது. "உட்காரும் பிரதானி. துளி அச்சமும் இல்லை என்றீரே" என்றார்.

பிரதானி உட்கார்ந்தார். தளவாய் உட்கார்ந்தார். பண்டகசாலை, கோயில் என்று பத்து அதிகாரிகளும் உட்கார்ந்தார்கள். இவர்களெல்லாம் எழுத்தர்களைக் கூப்பிட்டு எழுதச் சொல்லியே இருபது வருஷம் கழித்தவர்கள். தங்கள் கையால் எழுதியது சின்ன வயதில் மணலில் எழுதியதோடு சரி. அயல்நாட்டு மன்னருக்கு வணக்கம் சொல்லி ஒரு நல்ல வரி எழுத வேண்டும் என்பது வேலை.

தளவாய் கோலை ஈட்டி பிடிப்பது போலப் பிடித்து ஒரே குத்தாகக் குத்தினார். தாள் கிழிந்து கோல் மேசையில் நின்றது. கோயில் அதிகாரி எழுதிய முதல் நான்கு எழுத்துக்கே தாள் போதவில்லை. ஐந்தாவது எழுத்தை மேசை மேல் எழுதினார். இன்னொருவருடைய வரி, தண்ணீர் குடிக்கப் போகிற மாடு மாதிரி, கீழ்நோக்கி இறங்கி மூலையில் போய் முட்டியது. பண்டகசாலை அதிகாரி மையைத் தொடவே இல்லை. வெறும் கோலால் வெறும் தாளில் அழுத்தி அழுத்தி எழுதிவிட்டு, "கரி எங்கே? பூசினால்தானே தெரியும்?" என்று கேட்டார்.

எழுத்தர் வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். சடையன்தான். பக்கத்தில் இருந்தவர் அவன் தொடையில் கிள்ளினார். கிள்ளியவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணே, பிரதானி ஐயாவைப் பாருங்க. கோலை உலக்கை மாதிரிப் பிடிச்சிருக்காரு."

"மையை வழிக்காம எடுக்கறாரு. இப்ப சொட்டும் பாரு."

சொட்டியது. அயல்நாட்டு மன்னரின் பெயர் மேலேயே ஒரு நெல்லிக்காய் அளவுக்குச் சொட்டியது. பிரதானி அதை விரலால் துடைத்தார். நெல்லிக்காய் நீண்டு பாம்பாயிற்று. விரலை மேல்துண்டில் துடைத்தார். பிறகு வியர்வையைத் துடைக்க அதே துண்டை நெற்றிக்குக் கொண்டுபோனார். எழுத்தர் வரிசையில் பொரி சிதறியது. நூறு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வரிசை வாய்விட்டுச் சிரித்தது.

திருமேனிநாதர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குக் கை துறுதுறுத்தது. எத்தனை நல்ல தாள் பாழாகிறது. கோலைச் சாய்த்துப் பிடித்தால் போதும், மைக்குடுவை வாயில் ஒரு தடவை வழித்துக்கொண்டால் போதும். பத்து நாளாகத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்த பொருளின் சூட்சுமம், பிறர் கெடுப்பதைப் பார்க்கப் பார்க்கத் தானாக விளங்கிக்கொண்டே வந்தது. இதைச் சொல்லாமல் எப்படி உட்கார்ந்திருப்பது?

"இன்னும் ஒரு பெயர் இருக்கிறதே ஐயா" என்றான் மருதையன்.

திருமேனிநாதர் ஓலையைப் பார்த்தார். படிக்கத் தயங்கினார்.

"படியும்" என்றார் மன்னரே. "என் பெயர்தானே? எனக்கென்ன, எழுதுகிறேன்." இறங்கி வந்து பதினோராவது மணையில் உட்கார்ந்தார்.

மன்னர் எழுதத் தொடங்கியதும் எல்லாரும் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள். திருமேனிநாதரால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. முதல் எழுத்து நன்றாகவே வந்தது. இரண்டாவதில் மை கூடிவிட்டது. மூன்றாவதை எழுதப் போகும்போது மன்னரின் கங்கணம் ஈரத்தில் பட்டு, இரண்டு எழுத்தையும் இழுத்துக்கொண்டு போயிற்று. மன்னர் கையை எடுத்தார். கட்டைவிரல் ரேகை முழுசாகத் தாளில் பதிந்து கிடந்தது. மன்னர் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். பிறகு தாளை மெதுவாக இழுத்துத் தன் தொடைக்கடியில் தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எழுதிவிட்டேன். அருமையாக வந்திருக்கிறது. பிறகு காட்டுகிறேன்" என்றார்.

அந்தக் கை அசைவு திருமேனிநாதரின் நெஞ்சைத் தொட்டது. அந்த அசைவை அவர் நன்றாக அறிவார். உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு நாற்பது வருஷமாக அவர் செய்ததும் அதுதான்.

மருதையன் மன்னர் முன்னால் போய்க் கைகட்டி நின்றான். 'சொல்லப் போகிறான். வெந்நீர் அடுப்பைச் சொல்லப் போகிறான்' என்று திருமேனிநாதர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மகாராஜா, அச்சத்தைக் கண்டுபிடித்து வெளியேற்ற வேண்டும் என்பது எனக்கு இட்ட வேலை. மண்டபம் முழுக்கத் தேடினேன், இத்தனை நாள் அகப்படவில்லை. இப்போது இருக்கும் இடம் தெரிந்துவிட்டது."

"எங்கே இருக்கிறது?"

"தங்கள் வலது தொடைக்கடியில் இருக்கிறது. கொஞ்சம் எழுந்தால் வெளியேற்றிவிடுவேன்."

 மன்னரின் முகம் சிவந்தது. அந்தச் சிவப்பு எந்தப் பக்கம் சாயும் என்று பிரதானி ஆவலாகப் பார்த்தார். மன்னர் தொடையைப் பார்த்தார், மருதையனைப் பார்த்தார், மை பூசிய பிரதானி நெற்றியைப் பார்த்தார். வயிறு முதலில் குலுங்கியது. பிறகுதான் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே எழுந்து, ஒட்டிக்கொண்ட தாளைப் பிய்த்து எடுத்து, தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தார்.

"பாருங்கள். எல்லாரும் பாருங்கள். இதை ஒளிக்கத்தான் ஒரு ராஜா இத்தனை பாடுபட்டேன். காகிதத்தில் என்னய்யா பயம் என்று இவர்களைக் கேட்டேனே" என்று சொல்லி, விளக்குக் கட்டுகிற கயிற்றில் அதைத் தொங்கவிட்டார்.

திருமேனிநாதர் கண்ணைத் திறந்தார். வெந்நீர் அடுப்பைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. மருதையன் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. தெரிந்தும் சொல்லாமல் விட்டவன் முன்னால், ஏழு தலைமுறைக்காரர் இன்னும் பொரிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? எழுந்தார். நேரே மேசைக்கு நடந்தார்.

"மகாராஜா மன்னிக்க வேண்டும். கோலை இப்படி நட்டுப் பிடிக்கக் கூடாது, சாய்த்துப் பிடிக்க வேண்டும். மையைக் குடுவை வாயில் வழிக்க வேண்டும். பிரதானி அவர்களே, தள்ளி உட்காருங்கள். எத்தனை தாளைத்தான் கெடுப்பீர்கள்?"

கோலை வாங்கினார். குனிந்தார். அவர் குனிந்ததைச் சடையன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். தாளில் வணக்கச் சொல் விழுந்தது, நாட்டின் பெயர் விழுந்தது, மன்னரின் பட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. மூன்றாம் வரியின் நடுவில், அவர் அடுத்த சொல்லை எண்ணிக் கோலைத் தூக்கிய நேரத்தில், ஒரு துளி சொட்டியது. வெள்ளைத் தாளில், எல்லார் கண்ணுக்கும் தெரிய, கறுப்பாக உட்கார்ந்தது.

மண்டபத்தில் இருபத்தோரு பேரின் கையில் பொரி அப்படியே நின்றது.

திருமேனிநாதர் அதை ஒரு கணம் பார்த்தார். கை தாளைச் சுருட்டப் போயிற்று, வழக்கம். அதை நிறுத்தினார். மீதி வரிகளை எழுதி முடித்து, தாளை எடுத்துப் போய், கயிற்றில் மன்னரின் தாளுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். திரும்பி வந்து இன்னொரு தாளை எடுத்து வைத்தார்.

"ஐயா, எனக்கு ஒரு கோல் குடுங்க" என்றது சடையனின் குரல்.

"எனக்கும்."

"அட, மை நாத்தம் ஒத்துக்காதுன்னீரே?"

"நாத்தம் கிடக்கட்டும்யா, தள்ளும்."

பத்து அதிகாரிகளும் மணையைக் காலி செய்ய வேண்டியிருந்தது. இடம் போதாமல் சிலர் தரையிலேயே உட்கார்ந்தார்கள். அன்று மத்தியானத்துக்குள் முப்பது தாள் கெட்டது. முப்பதும் கயிற்றில் தொங்கின. முப்பத்தொன்றாவது தாள் தூதர் கையில் போயிற்று. அதைப் படித்துப் பார்த்த தூதர், எங்கள் ஊரில்கூட இத்தனை திருத்தமாக எழுத மாட்டார்கள் என்றார். அது மரியாதைக்குச் சொன்னதாகவும் இருக்கலாம்.

பிரதானிக்கு மன்னர் பெரிய தண்டனை ஒன்றும் கொடுக்கவில்லை. மூன்று மாதத்துக்குத் தம் கடிதங்களைத் தாமே தம் கையால் எழுதிக்கொள்ள வேண்டும் என்றார். மைத்துனன் மறுபடி வடக்கே போய்விட்டதாகக் கேள்வி.

மருதையனைக் கூப்பிட்டுத் தம் தோளில் இருந்த பட்டைப் போர்த்தினார் மன்னர். "ஆற்றங்கரையில் ஒரு ஊரை உனக்கு மானியமாக விடுகிறேன். ஓலைநாயகமே, பத்திரம் எழுதும். காகிதத்தில்" என்றார்.

மறுநாள் காலை சபை நிறைந்திருந்தபோது திருமேனிநாதர் பத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டினார். மன்னர் வெளிச்சத்தில் பிடித்து மேலிருந்து கீழ்வரை பார்த்தார். வரிகள் கயிறு பிடித்தது போல ஓடின. ஒரு துளி இல்லை, ஒரு கறை இல்லை. மன்னர் புருவத்தைத் தூக்கினார்.

"இதில் ஒரு பிழைகூட இல்லையே, திருமேனிநாதரே?"

எழுத்து மண்டபத்தின் தலைவர் முதுகை நிமிர்த்தினார். பிரதானிக்கும் தளவாய்க்கும் கடைசி வரிசையில் நின்ற வாயிற்காவலனுக்கும் கேட்கும்படி, உரத்த குரலில் சொன்னார்.

"இது நான்காவது தாள், மகாராஜா. முதல் மூன்றும் கயிற்றில் தொங்குகின்றன."

மன்னர் சிம்மாசனத்தில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். மருதையன் பத்திரத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டான். அவனும் எழுத்து மண்டபத்து மனிதர்களும் அதன் பிறகு நெடுநாள் நன்றாக இருந்தார்கள்.